பழைய ஆக்சில் வாங்கும் முன் விரிசல் பார்ப்பது எப்படி

பழைய ஆக்சில் (வண்டிச் சக்கரத்தின் அச்சுத்தண்டு) வாங்கப் போகிறவர்கள் துருவைக் கண்டால் பயப்படுகிறார்கள். பளபளப்பைக் கண்டால் நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே ஆளைக் கவிழ்க்கும். நடுத்தண்டில் லேசாகப் படிந்த மேல்துருவால் ஆக்சில் முறிவது அபூர்வம். ஆனால் நேற்றுக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்த தண்டின் விளிம்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால், அந்தத் தண்டு முறிவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த வேலைக்குக் கண் கூர்மை இரண்டாம்பட்சம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் முதல் தேவை. விரிசல் கண்ட கண்ட இடத்தில் பிறப்பதில்லை. தண்டின் தடிமன் சட்டென்று மாறும் இடம், பல் வெட்டிய இடம், பேரிங் உட்காரும் பகுதியின் ஓரம், வெல்டிங்கின் கரை, போல்ட் துளையின் விளிம்பு என்று அதற்கென்று சில இடங்கள் உண்டு. கை நீளத் தண்டு ஒன்றில் நீங்கள் உண்மையிலேயே கூர்ந்து பார்க்க வேண்டியது சில விரல்கடை அகலம்தான்.

ஏன் அந்த இடங்களில் மட்டும்?

ஒரே அடியில் முறியும் ஆக்சில்கள் உண்டு. ஆனால் பல ஆக்சில்கள், தாங்கக்கூடிய சுமையையே திரும்பத் திரும்பத் தாங்கிச் சோர்ந்து முறிகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் அது ஏறக்குறைய 42,000 முறை சுற்றும். வண்டியின் எடையைத் தானே சுமக்கும் பின்பக்க ஆக்சில் தண்டில், ஒவ்வொரு சுற்றின்போதும் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. ஒரு நாள் முழுக்க ஓடினால் பத்து லட்சம் முறை. தண்டு வழவழப்பாக ஒரே தடிமனில் இருக்கும் இடத்தில் இந்த இழுப்பு சீராகப் பரவிவிடும். மூலை வரும் இடத்தில் அது குவியும். அந்த மூலையில் கிரைண்டர் பட்ட கீறலோ துருக்குழியோ இருந்துவிட்டால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இந்தப் பாடத்தை ரயில்வே பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரீஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டி தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் ரயில் அச்சுகள் முறியும் விதத்தை ஆராய்ந்து, மூலைகளிலிருந்து விரிசல் மெல்ல மெல்ல வளர்வதைக் காட்டினார். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து, ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமைகூடப் பல லட்சம் தடவை வந்தால் முறித்துவிடும் என்று நிறுவினார். இன்று நல்ல ஆக்சில்களில் தடிமன் மாறும் இடம் கூர்மையான மூலையாக இல்லாமல் வளைவாகக் கடையப்பட்டிருப்பது இந்த அறிவினால்தான். நீங்கள் டார்ச் அடித்துப் பார்க்கப்போவதும் அந்த வளைவைத்தான்.

முதல் படி: வாங்கப்போவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ஆக்சிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எஞ்சினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகும் பல பழைய கார்களில் ஆக்சில் தண்டு வண்டியின் எடையையும் சுமக்கிறது, சக்கரத்தையும் சுற்றுகிறது. வளைவும் முறுக்கும் சேர்ந்தே வருவதால் இந்த வகையில் விரிசல் பயம் அதிகம். கனரக வண்டிகள் பலவற்றில் எடையை வெளிக்கூடு தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்டுக்கு முறுக்கு மட்டுமே. முன்சக்கர இயக்கக் கார்களில் இருபுறமும் சிவி ஜாயின்ட் (வளைந்த நிலையிலும் சுற்றைக் கடத்தும் மூட்டு) உள்ள அரைத்தண்டுகளுக்கும் முறுக்குதான் முதன்மை. எடையை ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) நக்கிளும் (ஹப்பைத் தாங்கிச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகம்) பார்த்துக்கொள்ளும்.

இது தெரிந்தால் விரிசல் எந்தத் திசையில் ஓடும் என்பதையும் எதிர்பார்க்கலாம். வளைவினால் வரும் விரிசல் தண்டைச் சுற்றி மோதிரம்போல் குறுக்காக ஓடும். முறுக்கினால் வருவது பெரும்பாலும் 45 டிகிரி சாய்வில் திருகாணி மரைபோல ஏறும். சில நேரம் பற்களின் அடியில் நீளவாக்கில் பிளக்கும். சாய்வாக ஓடும் கோட்டைக் கீறல் என்று ஒதுக்கிவிடும் புதியவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

கையில் ஒரு காந்தம் வைத்திருங்கள். ஒட்டினால் எஃகு அல்லது வார்ப்பிரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். புதிய கார்களின் நக்கிள்கள் பல அப்படித்தான். பின்னால் சொல்லப்போகும் காந்தத் துகள் சோதனை அலுமினியத்தில் பலிக்காது. இரும்புக் கூட்டில் ஓர் இடத்தில் மட்டும் காந்தம் சரியாக ஒட்டவில்லை என்றால் அங்கே பட்டி பூசி மறைத்திருக்கலாம்.

இரண்டாம் படி: பொருளைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

ஏன் கழற்றினீர்கள்? வண்டி விபத்தில் சிக்கியதா? சிக்கியது என்றால் எந்தச் சக்கரத்தில் அடி? இதன் ஜோடித் தண்டு எங்கே?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. இடது தண்டு முறிந்துபோன வண்டியிலிருந்து வலது தண்டை விற்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டும் ஒரே பாதையில், ஒரே சுமையோடு ஓடியவை. முறிந்த துண்டு அங்கேயே கிடந்தால் அதன் முறிவுப் பரப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, வளைந்த கோடுகள் அடுக்கடுக்காகப் பரவி, மறுபக்கம் மட்டும் கரடுமுரடாக இருந்தால் அது சோர்வினால் முறிந்தது. வழவழப்பான பகுதி விரிசல் பல நாள் வளர்ந்த இடம். கரடுமுரடான பகுதி கடைசி நொடியில் அறுந்த இடம். அப்படியொரு துண்டைப் பார்த்துவிட்டால் ஜோடித் தண்டை விட்டுவிடுவதே என் யோசனை.

அடி வாங்கிய மூலையிலிருந்து வரும் ஆக்சில், ஹப், நக்கிள் எதுவும் வேண்டாம். எதிர்மூலையிலிருந்து வருவது பரவாயில்லை. அந்த வண்டியையே காட்டினால் ரிம் நெளிந்திருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை வளைந்திருக்கும்போது நக்கிள் மட்டும் தப்பியிருக்கும் என்று நம்ப முகாந்திரம் இல்லை.

கழுவாத, பெயின்ட் அடிக்காத, கழற்றியபடியே கிடக்கும் பாகத்தையே கேளுங்கள். கழுவி மெருகேற்றி வைத்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்லவில்லை. அழகாக இருந்தால் சீக்கிரம் விற்கும் என்று செய்திருப்பார். ஆனால் அழுக்கோடு சேர்த்துத் தடயத்தையும் கழுவிவிட்டார்.

மூன்றாம் படி: கொண்டுபோக வேண்டியவை

பிரகாசமான சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், பிளாஸ்டிக் அல்லது மென்மையான பித்தளைப் பிரஷ், எண்ணெய் போக்கும் திரவம், வெள்ளைத் துணி, சாக்பீஸ், எஃகு அளவுகோல், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. மூலைமுடுக்குகளைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. இவை எல்லாம் ஒரு பைக்குள் அடங்கும்.

எண்ணெய் போக்கப் பிரேக் கிளீனரைப் பயன்படுத்துவதானால் ஓர் எச்சரிக்கை. சில வகைகள் எளிதில் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த வகைகள் தீப்பிடிக்காவிட்டாலும், அவை காயாத பாகத்தை வெல்டிங் செய்தாலோ சூடாக்கினாலோ நச்சு வாயு உண்டாகும். காற்றோட்டமான இடத்தில், பொறி பறக்காத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: அழுக்கோடு ஒருமுறை பாருங்கள்

வந்ததும் துடைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். விரிசலுக்குள் நீர் போய்த் துருப்பிடித்தால் அந்தத் துரு மெல்லிய செம்பழுப்புக் கோடாக வெளியே கசியும். பெயின்ட் அடித்த கூட்டில் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் கோடாகத் தெரியும். எண்ணெய் நிற்கும் கூடு என்றால், கேஸ்கெட்டோ சீலோ இல்லாத இடத்தில் ஈரம் படர்ந்திருப்பதே போதுமான சாட்சி.

பேரிங் இறுக்கமாக உட்காரும் பகுதியின் ஓரத்தில் கோகோ பொடி நிறத்தில் நுண்ணிய தூள் படிந்திருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இறுகப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டிருந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த உரசல் தண்டின் மேல்தோலை அரித்துக் குழியாக்கும். அந்தக் குழிகளிலிருந்து விரிசல் கிளம்பும். தூள் இருந்தாலே விரிசல் இருக்கிறது என்பதில்லை. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு இரண்டு மடங்கு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

ஐந்தாம் படி: சுத்தம் செய்யுங்கள், ஆனால் தேய்க்காதீர்கள்

கிரீஸையும் எண்ணெயையும் கரைத்து, மென்மையான பிரஷால் நீக்கி, துணியால் ஒற்றி, முழுவதும் காயவிடுங்கள். மணல் வீச்சு, கிரைண்டரில் மாட்டும் கம்பிச் சக்கரம், முரட்டு உப்புத்தாள் எதுவும் கூடாது. இவை உலோகத்தின் மேற்பரப்பை இழுத்து விரிசலின் வாயை மூடிவிடும். விரிசல் உள்ளே அப்படியே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் மறைந்துபோகும். விற்பவரிடம் மணல் வீச்சு செய்த பாகம்தான் இருக்கிறது என்றால், வெறும் கண் சோதனையை வைத்து அதை வாங்காதீர்கள்.

முக்கியமான இடங்களில் பெயின்ட் இருந்தால் ரசாயனப் பெயின்ட் நீக்கி கொண்டு எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆறாம் படி: வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்

டார்ச்சை நேர்மேலே பிடித்தால் உலோகம் கண்ணைக் கூசவைக்குமே தவிர ஒன்றும் காட்டாது. பரப்போடு ஒட்டினாற்போல, ஏறக்குறைய படுக்கைவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். தண்டை மெதுவாக உருட்டிக்கொண்டே பாருங்கள். பிறகு டார்ச்சை அடுத்த பக்கம் கொண்டுபோய் மீண்டும் ஒரு சுற்று. வெளிச்சம் ஓடும் திசையிலேயே விரிசலும் ஓடினால் நிழல் விழாது. அதனால்தான் இரண்டு திசை.

ஒரு கோடு கண்ணில் பட்டுவிட்டது. அது என்ன? லென்ஸை வைத்துப் பாருங்கள். கீறல் என்றால் அடிப்பகுதி தெரியும். வெளிச்சம் பட்டால் அதற்குள்ளும் மினுக்கம் இருக்கும். பெரும்பாலும் நேர்க்கோடாக ஓடும், இரு முனையும் ஆழம் குறைந்து மழுங்கி முடியும். விரிசலின் அடி தெரியாது. உள்ளே ஒரே கறுப்பு. கோடு சற்றே நெளிந்து ஓடும். முனை ஊசிபோல் மெலிந்து எங்கே முடிகிறது என்றே தெரியாமல் மறையும். சில நேரம் கிளை பிரியும். எண்ணெய் போக்கும் திரவத்தால் துடைத்த பிறகு, சுற்றியுள்ள பகுதி காய்ந்தும் அந்தக் கோடு மட்டும் சில நொடிகள் ஈரமாகவே நிற்கும். இந்தக் கடைசி அடையாளம் சின்னதுதான், ஆனால் கோட்டுக்கு ஆழம் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

பட்டறையில் அடித்து உருவாக்கிய பாகங்களில் அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் நீளமாக ஒரு மேடு ஓடும். வார்ப்புப் பாகங்களிலும் அப்படி ஒரு தையல்கோடு இருக்கும். அது விரிசல் இல்லை. உடம்பு முழுக்க ஒரே ஒழுங்கில் ஓடுவதை வைத்து அடையாளம் காணலாம்.

ஏழாம் படி: பாகம் வாரியாகத் தேடுங்கள்

திடமான ஆக்சில் தண்டில் ஆரம்பிப்போம். டிஃபரென்ஷியலுக்குள் (எஞ்சினின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) போகும் பல்முனையை முதலில் பாருங்கள். பற்கள் எல்லாம் தண்டுக்கு இணையாக நேராக ஓட வேண்டும். எஃகு அளவுகோலை ஒரு பல்லின் ஓரமாக வைத்துப் பாருங்கள். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து திருகியிருந்தால் அந்தத் தண்டு தாங்கும் எல்லையைத் தாண்டிய முறுக்கை வாங்கியிருக்கிறது. விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது கழிவு இரும்புதான். பற்கள் நேராக இருந்தால், அவை முடிந்து வழுவழுத் தண்டு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பல்லின் அடிவேரில் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று ஒவ்வொரு பள்ளமாக லென்ஸ் பிடித்துப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் முறுக்கு விரிசல் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான்.

அடுத்து பேரிங் உட்காரும் பகுதி. பழைய பேரிங்கையும் அதைப் பிடித்திருக்கும் வளையத்தையும் எடுக்க உளியாலோ கிரைண்டராலோ வெட்டுவது வழக்கம். கவனமில்லாதவர் கை வளையத்தோடு நிற்காது. தண்டிலும் ஒரு வெட்டு விழும். மிகச் சிறியதாகத் தெரிந்தாலும், எடை சுமக்கும் தண்டில், வளைவு அதிகம் வரும் இடத்தில், குறுக்காக விழுந்த அந்த வெட்டு நாளைய விரிசலுக்குப் போட்ட அடிக்கல். வாங்காதீர்கள். எரிவாயுத் தீயால் வளையத்தை எடுத்திருந்தால் அங்கே நிறம் மாறியிருக்கும். சுத்தமான எஃகு 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் பெறும். 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் ஏறும். பதப்படுத்திய தண்டில் நீல வளையம் தெரிந்தால் அந்தப் பகுதியின் பதத்தை இனி நம்ப முடியாது.

தண்டு விரிந்து சக்கரம் மாட்டும் தட்டாக மாறும் வளைவு கடைசி இடம். சாய்ந்த வெளிச்சத்தில் முழு வட்டமாக உருட்டிப் பாருங்கள். பிறகு தட்டில் உள்ள போல்ட் துளைகள்: துளைக்குத் துளை நடுவில் கோடு இருக்கிறதா, துளை முட்டை வடிவமாக நீண்டிருக்கிறதா? நட் தளர்ந்த நிலையில் ஓடிய சக்கரம்தான் துளையை அப்படி ஆக்கும்.

முன்சக்கர அரைத்தண்டு என்றால் ரப்பர் உறையை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். உறை கிழிந்து மண்ணும் நீரும் போன ஜாயின்ட்டின் கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல்போல் நறநறக்கும், வெயிலில் பிடித்தால் உலோகப் பொடி மின்னும். ஜாயின்ட்டை முழு வளைவுக்குத் திருப்பினால் உள்ளே உருண்டைகளைப் பிடித்திருக்கும் கூட்டின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆறு உருண்டை என்றால் ஆறு ஜன்னல். ஒவ்வொன்றின் மூலைகளும் சந்தேகத்துக்குரியவை. பிறகு வட்டக் கிளிப் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள்.

இந்தத் தண்டுகளில் இன்னொரு மறைவிடம் உண்டு. அதிர்வைக் குறைக்க நடுத்தண்டில் சில மாடல்களில் கனமான ரப்பர் வளையம் ஒன்று மாட்டியிருப்பார்கள். அதன் அடியில் நீர் தேங்கி, வெளியே தெரியாமல் தண்டை அரித்துக்கொண்டே இருக்கும். வளையத்தின் கிளிப்பைத் தளர்த்தி ஒரு விரல்கடை நகர்த்திப் பாருங்கள். அடியில் ஆழமான துருக்குழிகளும் செதில்செதிலாகப் பெயரும் துருவும் இருந்தால் பாகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் மேல்துருவுக்குப் பயப்பட வேண்டாம் என்றேன். இது மேல்துரு இல்லை.

நக்கிளில் கவனிக்க வேண்டியது சஸ்பென்ஷன் குழாயைக் கவ்விப்பிடிக்கும் பிளவு. குழாய் எளிதில் வராதபோது கடப்பாரையையோ உளியையோ அந்தப் பிளவில் செருகி விரிப்பார்கள். வார்ப்பிரும்பு அதை மன்னிக்காது. பிளவின் அடிமூலையில் விரிசல் விடும். உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் மாட்டும் காதுகளில் சுத்தியல் தழும்பு இருந்தால் அதைச் சுற்றியும் பாருங்கள். ஹப்பில் தட்டும் நடுக்குழாயும் சேரும் வளைவு, போல்ட்டுகளின் அடி ஆகிய இரண்டும் போதும்.

பின்பக்க ஆக்சில் கூட்டில் ஸ்பிரிங் உட்காரும் பீடத்தின் வெல்டிங், முனைத்தட்டின் வெல்டிங், நடுவில் வீங்கிய பகுதியோடு குழாய் சேரும் இடம். வெல்டிங்கின் மேட்டைவிட, மேடு முடிந்து தாய் உலோகம் தொடங்கும் கரையில்தான் விரிசல் ஓடும். இரு சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் முறுக்குச் சட்டம் உள்ள கார்களில், அந்தச் சட்டம் பக்கக் கைகளோடு சேரும் வெல்டிங்கின் இரு முனைகளைப் பாருங்கள். சட்டத்தின் உட்குழியில் மண் அடைந்திருக்கும். தோண்டி எடுக்காமல் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

எட்டாம் படி: தட்டிப் பார்ப்பதும் சாக்பீஸும்

தண்டை மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டு, சின்ன சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல தண்டு நீளமாக ரீங்கரிக்கும். பெரிய விரிசல் உள்ளது மந்தமாக ஒலித்துச் சட்டென்று அடங்கும். விரிசல் விட்ட பீங்கான் கோப்பையைச் சுண்டிப் பார்ப்பதைப் போலத்தான். ஆனால் பேரிங்கோ ஜாயின்ட்டோ மாட்டியிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். சின்ன விரிசலை இது காட்டவும் காட்டாது. மந்தமாக ஒலித்தால் ஒதுக்குங்கள். நன்றாக ஒலித்ததை மட்டும் வைத்து வாங்கிவிடாதீர்கள்.

ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் பயன்பட்ட முறை ஒன்று இதைவிட மேல். பாகத்தின் மேல் மண்ணெண்ணெய் கலந்த மெல்லிய எண்ணெயைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, அதன்மேல் சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே வந்து வெள்ளைப் பொடியில் கறைக்கோடாக விழும். முழு ஊறலுக்கு நேரம் ஆகும் என்பதால் விற்பவர் பொறுமையைக் கொஞ்சம் சோதிக்கும்.

ஒன்பதாம் படி: சிவப்புச் சாயச் சோதனை

சந்தேகம் தீராவிட்டால், அல்லது விலை உயர்ந்த பாகம் என்றால், இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை வெளிப்படுத்தி என்று மூன்று டப்பாக்களாகக் கிடைக்கும். புதியவரும் வீட்டிலேயே செய்யலாம். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் பொருந்தும். பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே காட்டும் என்பது இதன் எல்லை.

முதலில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் சுத்தம். பழைய பாகத்தின் விரிசலுக்குள் ஏற்கெனவே கிரீஸ் அடைத்திருக்கும். அது வெளியேறாவிட்டால் சாயம் உள்ளே போக இடம் இருக்காது. அதனால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு மறுபடியும் செய்யுங்கள். பிறகு சாயத்தை மெல்லிய படலமாகத் தெளித்து 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். டப்பாவில் அச்சிட்ட நேரமே இறுதி. குளிரில் சாயம் மெதுவாகத்தான் ஊறும், அதனால் கூடுதல் நேரம் கொடுங்கள்.

அடுத்தது துடைத்தல். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு சுத்தத் திரவத்தைத் துணியில் தெளித்து, அந்த ஈரத்துணியால் துடையுங்கள். பாகத்தின் மேல் நேரடியாகத் தெளித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப் போய்விடும். சோதனை செய்ததாகத் திருப்தி மட்டும்தான் மிஞ்சும்.

வெளிப்படுத்தியை நன்றாகக் குலுக்கி, ஒரு சாணுக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் பிடித்து, உலோகம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய வெள்ளைப் படலமாகத் தெளியுங்கள். தடிமனாக அடித்தால் மெல்லிய கோடு மூழ்கிவிடும். இப்போது நகராமல் நின்று பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஊசிமுனைப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து சிவப்புக் கோடாகும். நேரம் போகப்போகக் கோடு தடித்துக்கொண்டே போகும். வேகமாகவும் அகலமாகவும் பரவினால் உள்ளே நிறையச் சாயம் இருக்கிறது, அதாவது ஆழம் அதிகம். ஏறக்குறைய 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் வார்ப்பில் உள்ள நுண்துளைகளாக இருக்கலாம். இறுக்கமாக ஏற்றிய வளையத்தின் விளிம்பு, மரை, பல்லின் ஓரம் ஆகியவையும் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடு காட்டும். கோடு அந்த விளிம்பை விட்டு விலகிச் சொந்தமாக ஓடுகிறதா என்பதே கேள்வி. ஐயம் இருந்தால் முழுவதும் கழுவிவிட்டு மறுபடி செய்யுங்கள். உண்மையான விரிசல் அதே இடத்தில் மீண்டும் வரும்.

இதற்கும் மேல் வேண்டுமென்றால் எஞ்சின் வேலை செய்யும் பட்டறைகளில் காந்தத் துகள் சோதனை செய்து தருவார்கள். பாகத்தைக் காந்தமாக்கி இரும்புத்துகள் கலந்த திரவத்தை ஊற்றினால், விரிசல் உள்ள இடத்தில் துகள்கள் திரண்டு நிற்கும். தோலுக்குச் சற்று அடியில் உள்ளதையும் ஓரளவு காட்டும் என்பதால் எஃகுத் தண்டுக்கு இதுதான் என் முதல் தேர்வு. இரண்டு திசைகளில் காந்தமாக்கச் சொல்லுங்கள். காந்தப் பாதைக்கு இணையாக ஓடும் விரிசல் சிக்காது. முடிந்ததும் காந்தத்தன்மையை நீக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பேரிங்கைச் சுற்றி இரும்புப் பொடி சேரும்.

பத்தாம் படி: நேராக இருக்கிறதா

விரிசல் இல்லாத தண்டும் வளைந்திருக்கலாம். இரண்டு வி வடிவக் கட்டைகளின் மேல் வைத்து மெதுவாகச் சுழற்றி, டயல் கேஜ் வைத்து முள் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். எவ்வளவு அனுமதி என்பது மாடலுக்கு மாடல் மாறும். தயாரிப்பாளரின் பட்டறைக் கையேட்டில் இருக்கும். கேஜ் இல்லையென்றால் சமதளமான கண்ணாடிமேல் உருட்டினால் பெரிய வளைவு தெரியும், சின்னது தெரியாது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எது தள்ள வேண்டியது, எது தள்ள வேண்டாதது

எல்லா விரிசலும் பாகத்தைக் கெடுத்துவிடுவதில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உணரிக்கான பல்வளையம் அடியில் துரு சேர்ந்து உப்பி வெடிப்பது சாதாரணம். தனி வளையம் கிடைக்கும் மாடல் என்றால் மாற்றிக்கொள்ளலாம். விலையைக் குறைத்துக் கேட்கவும் அது நியாயமான காரணம். ரப்பர் உறையில் வெடிப்பு இருந்து, உள்ளே கிரீஸ் சுத்தமாக இருந்தால் உறையை மட்டும் மாற்றினால் போதும்.

சுமை தாங்கும் உலோகத்தில் இருக்கும் விரிசலுக்குச் சின்னது பெரியது என்ற பேச்சு கிடையாது. அது வளரும். கிரைண்டரால் தேய்த்துவிடலாம், முனையில் துளை போட்டு நிறுத்திவிடலாம், வெல்டிங் வைத்துவிடலாம் என்றெல்லாம் சொல்வார்கள். பதப்படுத்திய தண்டில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூடே பக்கத்து உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய், அடுத்த விரிசலுக்கு இடம் தரும். தண்டிலோ நக்கிளிலோ ஏற்கெனவே வைத்த வெல்டிங்கைக் கண்டாலும் அதே முடிவுதான். ஆக்சில் கூட்டை மட்டும் தேர்ந்தவர்கள் வெல்டிங் செய்து சரிப்படுத்துவது உண்டு. ஆனால் செய்தது தேர்ந்தவரா என்று புதியவரால் சொல்ல முடியாது.

வாங்குவதாக முடிவு செய்தால், பாக எண், பற்களின் எண்ணிக்கை, நீளம், ஏபிஎஸ் வளையம் உண்டா இல்லையா ஆகியவற்றை உங்கள் பழைய பாகத்தோடு ஒப்பிடுங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு நிபந்தனை பேசிக்கொள்ளுங்கள்: குறிப்பிட்ட நாள்களுக்குள் சாயச் சோதனையிலோ காந்தச் சோதனையிலோ விரிசல் தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ரசீதில் எழுதி வாங்குங்கள். தன் பொருளைத் தெரிந்து விற்பவர் இதற்குத் தயங்க மாட்டார்.

மாட்டும்போது ஹப் நட், பூட்டுக் கம்பி, எண்ணெய் சீல், வட்டக் கிளிப் எல்லாம் புதிதாகப் போடுங்கள். தண்டின் முனையைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அவ்வளவு பார்த்து வாங்கியதில் நீங்களே தழும்பு உண்டாக்குவதில் அர்த்தமில்லை. ஹப் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கிய பிறகுதான் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்க வேண்டும். பல கார்களில் பேரிங்கை இறுகப் பிடித்திருப்பதே அந்த நட்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, சீலில் கசிவு உண்டா, பேரிங் ஓரத்தில் அந்தப் பழுப்புத் தூள் மீண்டும் படிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படிந்திருந்தால் தண்டில் பேரிங் உட்காரும் பகுதி தேய்ந்திருக்கிறது. ரசீதில் எழுதிய நாள்கள் முடியும் முன் விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.